ஆலங்கட்டி ஜவ்வரிசியும் அந்தச் சின்ன ரூமும்

1

ஏண்டி ராமாயி, உனக்கு வேற சோலியே கெடையாதா? சேந்தமங்கலத்துல கெழங்குக்குத் தண்ணி கட்ட ஆளில்லை, மாடு கண்ணு போட்டிருக்குது, மருமக சொன்ன பேச்சுக் கேக்கறதில்லைன்னு பக்கம் பக்கமா அழுதுட்டு, கடைசியில பொடி எழுத்துல ஒரே ஒரு வரி. "அக்கா, சுமதி எட்டு வருசமா அமெரிக்காவுல படிச்சும் இங்கிலீசு வரலைன்னு தனி ரூமுல உக்கார வெச்சிருக்காங்களாமே, நெசமா?" அந்த ஒத்தை வரிக்குத்தானே இத்தனை கடுதாசியும்? மாடு கண்ணு போட்டதெல்லாம் எலையோரத்துல வெச்ச ஊறுகாய். உன்னைய எனக்குத் தெரியாதா?

அடுத்தவ ஊட்டுப் புள்ளை பெயிலாப் போச்சுன்னா உனக்குக் காது ஒரு மொழம் நீளும். அக்கா ஊட்டுப் புள்ளைன்னா ரெண்டு மொழம். ஆரு சொல்லியிருந்தாலும் அவங்க வாயில ஒரு அச்சு வெல்லத்தைப் போடு. நெசந்தான்.

நான் சொல்லச் சொல்ல என்ற மருமக வசந்தா எழுதறா. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸு போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அதுவும் பஸ்ஸு நின்னாத்தான். மூணாவதோட பள்ளிக்கூடம் என்னைய உட்டுது, நானும் அதை உட்டேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி. இந்த நம்பரெல்லாம் வசந்தா போடறது. "அத்தை, நீங்க பேசற பேச்சுக்கு அங்கங்க ஒரு கல்லு நட்டு வெச்சாத்தான் படிக்கறவங்க வழி தப்ப மாட்டாங்க"ங்கறா. நடட்டும்.

இதை நீ மட்டும் படிக்க மாட்டே, தெருவே கூடிப் படிக்கும்னு எனக்குத் தெரியும். படிக்கட்டும். ஆனா ஒண்ணு அம்மிணி, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி ஒண்ணு நடுவுல வருது. அந்த எடத்துல செத்த நெஞ்சைப் புடிச்சுக்க.

2

என்ற மகன் செங்கோடன் எழுபத்தொம்பதுல இங்க வந்தான். திருச்செங்கோட்டுல போர்க் கெணறு தோண்டற ரிக்கு லாரி பட்டறையில மிசினைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருந்தவனை, அந்த மிசின் செய்யற கம்பெனிக்காரனே கூப்புட்டுக்கிட்டான். அப்ப சுமதிக்கு அஞ்சு வயசு. போன வருசம் உங்க மாமன் போய்ச் சேந்ததுக்கு அப்பறந்தான் நானு இங்க வந்தேன். ஏரோப்பிளேன்ல வந்ததைப் பத்தி நீ நூறு தடவை கேட்டுட்டே. நூத்தியோராவது தடவை நேர்ல சொல்றேன்.

ஊட்டுக்குள்ள வந்த மொத நாளே எனக்கு ஒண்ணு வெளங்கலை. நாலு ரூமு, ரெண்டு காரு, மூணு சனம். பேச்சு மட்டும் இல்லை. நம்ம ஊடுன்னா சோத்துக்கு உக்காந்தாக் கோழி கூவறதும் தெரியாது, மழை பேயறதும் தெரியாது. இங்க கரண்டி சத்தம் மட்டும் கேக்குது. வசந்தாளைக் கேட்டேன், "ஏம்மா, ஏதாச்சும் சண்டையா?"

"சண்டை போடவும் பேசோணுமுங்களே அத்தை"ன்னா.

அப்பறந்தான் சொன்னா. இங்க வந்து ஆறு மாசத்துல செங்கோடன் ஒரு சட்டம் போட்டிருக்கான். ஊட்டுக்குள்ள தமிழ் கூடாது, இங்கிலீசுதான். புள்ளைக்கு நல்லா வரோணுமாமா. இவனுக்கு மிசின் இங்கிலீசு வரும். வசந்தாளுக்குக் கடை இங்கிலீசு வரும். ரெண்டு பேரும் அந்தப் புள்ளைகிட்ட என்னத்தைப் பேசுவாங்க? சாப்புடு, படு, சூவைப் போடு, ஓகே. எட்டு வருசமா அவ்வளவுதான். புள்ளையும் ஓகே, பைன், ஐ டோன்ட் நோ. மூணே மூணு. இதுல ஆராச்சும் ஊட்டுக்கு வந்து, "என்ன பாப்பா படிக்கறே?"ன்னு கேட்டா, நம்ம சாதிசனத்துப் பழக்கந்தான் உனக்குத் தெரியுமே, புள்ளை வாயைத் தெறக்கறதுக்குள்ள அம்மாக்காரி பதில் சொல்லிருவா. அம்மா உட்டதை அப்பன் சொல்லுவான். பாசந்தான், வேறென்ன. நானும் வந்த புதுசுல அதையேதான் பண்ணினேன்.

தெருவுல பாத்தா சுமதி வெள்ளைக்காரப் புள்ளைங்க கூட வெசையாத்தான் பேசறா. மூக்குல, தொண்டையில, எங்கெங்கிருந்தோ சத்தம் வருது. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். இந்தப் புள்ளைக்கா இங்கிலீசு வரலைங்கறாங்கன்னு.

சங்கதி என்னன்னா, வெளையாடற பேச்சு வேறயாமா, பள்ளிக்கூடத்துப் பேச்சு வேறயாமா. "பந்தை எறி, என்ற முறை, நீ ஏமாத்தறே" இதெல்லாம் வந்துரும். ஒரு சங்கதியை எடுத்து, இது ஏன் இப்படி, அதுக்கு என்ன ஆதாரம், அப்படி இல்லைன்னா என்னன்னு பத்து வரி கோத்துச் சொல்லுன்னா, எழுதுன்னா, புள்ளை ரெண்டாவது வரியில நின்னுக்குது. அதனால ஒண்ணாவதுலருந்து எட்டாவது வரைக்கும், தெனம் ரெண்டு பீரியடு, தாவாரத்துக் கடைசியில ஒரு சின்ன ரூமு. இங்கிலீசு பத்தாதவங்க ரூமு. அங்க ஒரு வியட்நாம்காரப் புள்ளை, ரெண்டு மெக்சிகோக்காரப் புள்ளைங்க, ஒரு கொரியாக்காரப் பையன், நம்ம சுமதி. மத்தவங்க வருவாங்க, ரெண்டு வருசத்துல போயிருவாங்க. இந்த அஞ்சு பேரு மட்டும் செக்கு மாடு மாதிரி அங்கயே சுத்தறாங்க.

வருசா வருசம் பள்ளிக்கூடத்துலருந்து காயிதம் வரும், புள்ளை இன்னும் அங்கதான்னு. செங்கோடன் படிப்பான், கையெழுத்துப் போடுவான், மடிச்சு பீரோவுல வெப்பான். பொண்டாட்டிகிட்டச் சொன்னதில்லை. வெக்கம். ஊருக்குக் கடுதாசியில "சுமதி நல்லாப் படிக்கறா"ன்னு மட்டும் எழுதுவான். நீயும் நானும் அதைப் படிச்சுட்டுத் தெருவெல்லாம் பீத்திக்கிட்டோம்.

3

இந்த வருசம் வந்த காயிதத்தை பீரோவுல வெக்க முடியலை. அடுத்த வருசம் பெரிய பள்ளிக்கூடம். அதுக்குள்ள இந்தப் புள்ளை தேறலைன்னா அங்கயும் அந்த ரெண்டு பீரியடு தொடருமாமா. அந்த ரெண்டு பீரியடுலதான் அங்க சயின்சு கிளாசு. சின்ன ரூமுக்குப் போறவங்களுக்குச் சயின்சு கெடையாது, ஏதோ ஒப்புக்கு ஒண்ணு சொல்லித் தருவாங்களாமா.

சுமதிக்கு உசுரே அதுதான். தட்டான் இறகு, நத்தைக் கூடு, செத்த வண்டுன்னு தீப்பெட்டி தீப்பெட்டியாச் சேத்து வெச்சிருக்கா. காயிதத்தைப் படிச்சுட்டு அந்தப் புள்ளை அழுகலை. தீப்பெட்டியெல்லாம் எடுத்து ஒரு பையில போட்டுக் கட்டில் அடியில தள்ளிட்டா. அழுதிருந்தாக்கூட நான் தூங்கியிருப்பேன்.

செங்கோடன் கிளம்பினான் பள்ளிக்கூடத்துக்கு. நானும் போனேன், அவன் வேண்டாங்க வேண்டாங்க. அங்க ஹெலன்னு ஒரு டீச்சர். அந்தச் சின்ன ரூமுக்கு இந்த வருசந்தான் வந்திருக்கா. ஒல்லியா, நெட்டையா, சாக்பீசுக்குக் கவுனு போட்ட மாதிரி இருந்தா. புள்ளைங்க உக்கார்ற குட்டி நாற்காலியில காலை மடக்கி உக்காந்துக்கிட்டு எங்களைப் பெரிய நாற்காலியில உக்கார வெச்சா. அங்கயே அவ மேல எனக்கு ஒரு இது வந்துருச்சு.

மகன் என்ன கேட்டான்னு நெனைக்கறே? பள்ளிக்கூடத்துல சேத்தறப்ப ஒரு பாரத்துல "ஊட்டுல என்ன பாசை?"ன்னு கேட்டிருந்தாங்களாமா. இவன் தமிழ்னு எழுதினானாமா. அதனாலதான் புள்ளையை அந்த ரூமுல போட்டாங்கன்னு இவனுக்கு ஒரு நெனைப்பு. "அதை இங்கிலீசுன்னு மாத்திருங்க. இப்ப ஊட்டுல நாங்க இங்கிலீசுதான் பேசறோம்"னான்.

அந்தம்மா சிரிச்சா. "காயிதத்தை மாத்தறது சுலுவு. புள்ளை அப்படியேதானே இருக்கும்?"ன்னா. அப்பறம் கேட்டா, "ஊட்டுல கடைசியா எப்ப அவ உங்ககிட்ட அஞ்சு நிமிசம் சேந்தாப்பல பேசினா?"

இவன் மறுபடியும் அந்தப் பாரத்தைப் பத்தியே ஆரம்பிச்சான்.

அவ சொன்னதை மகன் எனக்குச் சொன்னான், பாதியை முழுங்கிட்டு. நான் பிடுங்கிப் பிடுங்கி மீதியையும் வாங்கினேன். "இவ மக்குப் புள்ளை இல்லை. எட்டு வருசமா இவளை அல்லாரும் கோடிட்ட எடத்தை நிரப்பச் சொல்லியே வளத்திருக்காங்க. ஒத்தை வார்த்தை போதும்னு உட்டுட்டாங்க. நானு நீளமாப் பேச வெக்கப் போறேன். நீங்க ஊட்டுல உங்க பாசையில பேசுங்க. நல்லா, நீளமா, சண்டை போட்டுப் பேசுங்க. அங்க ரோசிச்சதை இங்க வந்து இங்கிலீசுல சொல்லட்டும். ரோசனையே இல்லாட்டி எதைச் சொல்றது?"

எனக்குக் கையெடுத்துக் கும்புடலாம்னு தோணுச்சு. கும்புட்டேன். "தேங்க்யூங்க"ன்னேன். அவளும் திருப்பி, "தேங்க்யூங்க"ன்னா. செங்கோடன் மூஞ்சியைப் பாக்கோணுமே.

அந்த ரூமுச் செவுத்துல மூணே மூணு கேள்வி பெரிசா எழுதி ஒட்டியிருந்தா. ஏன்? உனக்கு எப்படித் தெரியும்? அப்படி இல்லைன்னா? ஒரு புள்ளை பேச ஆரம்பிச்சா முடிக்கற வரைக்கும் ஆரும் குறுக்க பூறக் கூடாது. தப்பாப் பேசினாலும் நிறுத்தக் கூடாது. தெணறினா, காத்திருக்கோணும். நான் அன்னைக்கு ஒரு மணி நேரம் பின்னால உக்காந்து பாத்தேன். அந்தக் கொரியாக்காரப் பையன் ஒரு வாக்கியத்துக்கு நடுவுல நின்னுட்டான். நம்ம ஊர்ல பஸ்ஸு வந்து கூட்டம் ஏறிப் போயிருக்கும், அவ்வளவு நேரம். அந்தம்மா கண்ணைச் சிமிட்டலை. பையன் முடிச்சான். அவ மூஞ்சியில வந்த சந்தோசத்தைப் பாத்தா, அவ பெத்த புள்ளை மொத அடி வெச்சாப்பல இருந்துச்சு. பத்து நாத்து நட்டா எட்டு புடிக்கும், ரெண்டைப் புடுங்கி எறிஞ்சுருவோம் நாம. இவ அந்த ரெண்டையும் எடுத்துத் தனியா வெச்சுத் தண்ணி ஊத்தறா.

4

அப்பறம் ஊட்டுல தமிழ்ச் சட்டம் வந்துச்சு. புள்ளைக்குத் தமிழும் குட்டையாத்தான் வந்துச்சு, அதையும் நீட்டோணும். நான் சும்மாவா இருப்பேன்? காப்பி ஆத்தற சாக்குல, சோறு போடற சாக்குல பேசிக்கிட்டே இருந்தேன். ஒரு மாசத்துல, "ஏனுங்க அப்பத்தா, நீங்க மூச்சு உடறதே இல்லைங்களா?"ன்னு கேட்டா. கேட்டது ஆறு வார்த்தை! நான் உடனே அவளுக்கு ஒரு முட்டாயி குடுத்தேன்.

ஹெலன் டீச்சர் ஒரு வேலை குடுத்தா. அஞ்சு புள்ளைங்களும் ஊட்டுல இருக்கற ஒரு ஆளைப் புடிச்சு, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வேலை எப்படி நடக்குதுன்னு கேட்டுட்டு வரோணும். அதை அட்டையில படமாப் போட்டு, பள்ளிக்கூடத்துல பெரியவங்க முன்னால நின்னு இங்கிலீசுல சொல்லோணும். அந்தப் பெரியவங்க மூணு பேருதான் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஆரு எப்படிப் போறதுன்னு கையெழுத்துப் போடறவங்க. பெத்தவங்க அட்டையைத் தொடக் கூடாது. கண்ணால பாக்கறதும் அன்னைக்குத்தான்.

சுமதி நோட்டைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தா. நான் ஊர்லருந்து கொண்டாந்த ஜவ்வரிசிப் பையைக் காட்டி, "அப்பத்தா, இது எப்படி வருதுங்க?"ன்னா. சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அடுத்த கேள்வி. "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இதைச் செய்யற எடத்துல வேலைக்குப் போனீங்களா?"

ராமாயி, இப்ப நெஞ்சைப் புடிச்சுக்க.

எழுபதுலருந்து மூணு வருசம் எங்க கெணறு வத்திக் கெடந்துச்சே, நெனப்பிருக்கா? செங்கோடன் கோயமுத்தூர்ல காலேசு படிச்சுட்டிருந்தான். தோட்டம் தொரவுன்னு இருந்த ஊட்டுப் பொம்பளை கூலிக்குப் போனாத் தெரிஞ்சவங்க என்ன சொல்லுவாங்க? அதனால தை பொறந்தா உனக்குக் காய்ச்சல் வந்துரும். தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லை, போய்ப் பாத்துட்டு வாரேன்னு அக்கம்பக்கத்துல சொல்லிட்டுச் சேந்தமங்கலத்துக்கு பஸ்ஸு ஏறுவேன். பங்குனி வரைக்கும் அங்க ஜவ்வரிசி செய்யற சேகோ மில்லுல கெழங்குக்குத் தோல் சீவுவேன். மூணு வருசம் உனக்குத் தைக் காய்ச்சல். "ராமாயி இன்னுமா பொழைச்சுக் கெடக்கறா?"ன்னு எங்க ஊர்ல ஒரு கெழவி என்கிட்டயே கேட்டா. உங்க மாமனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. அவன் படிக்கட்டும், தலை நிமுந்து நடக்கட்டும்னு நான் வாயே தெறக்கலை.

அதைப் போய் அவன் மக நோட்டும் பென்சிலுமா கேட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில போனேன். கிண்டல்ல எறங்கிட்டேன்.

"அது ஒண்ணுமில்லை சாமி. கொல்லிமலையில கார்த்திகை மாசம் ஆலங்கட்டி மழை பேயும். பெரிசு இல்லை, கடுகுக்கு அண்ணன் அளவு. பொம்பளைங்க நாங்க கூடையை ஏந்திக்கிட்டு நிப்போம். தரையில உழுகறதுக்குள்ள புடிச்சுரோணும். அப்படியே களத்துல கொட்டி வெயில்ல காய வெச்சா, ஜவ்வரிசி."

ம்ம், ம்ம்னு எழுதிக்கிட்டே போயிட்டா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு அதோட மறந்துட்டேன். நம்ம ஊருப் புள்ளைங்கன்னா, "போங்கப்பத்தா, புழுகாதீங்க"ன்னு முந்தானையைப் புடிச்சு இழுத்திருக்கும். அதுங்களுக்கு அத்தை மகன், சித்தி மக, பக்கத்து ஊட்டு வாண்டுன்னு பத்துப் பேரு தெனம் புழுகிப் புழுகிப் பழக்கி வெச்சிருக்கும். இந்தப் புள்ளைகிட்ட எட்டு வருசமா ஆரும் வெளையாட்டுக்குப் பொய் சொன்னதில்லை. எனக்கு அது தோணவே இல்லை.

ஹெலன் டீச்சர் அவ எழுதினதைப் படிச்சிருக்கா. தப்புன்னு கோடு போடலை. ஓரத்துல, "உனக்கு எப்படித் தெரியும்?"னு மட்டும் எழுதி உட்டிருக்கா. அதுக்குக் கீழ நம்ம புள்ளை பதில் எழுதியிருக்கா. "எங்கப்பத்தா சொன்னாங்க." நம்ம ஊட்டு வளர்ப்பு. அதுக்கு மேல கேள்வி ஏது?

5

அந்த நாளு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல பெரிய கூடம். முன்னால மேசையில மூணு பேரு, நடுவுல ஒரு வழுக்கைத் தலைக்காரரு. சுத்தி வாத்தியாருங்க, பெத்தவங்க, முப்பது பேரு இருக்கும். நான் நல்ல சேலை கட்டி, ஜவ்வரிசிப் பையை மடியில வெச்சுக்கிட்டு, கோயில்ல பிரசாதம் குடுக்கற மாதிரி உக்காந்திருந்தேன். மகன் பக்கத்துல உக்காந்து காதுல தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தான்.

மெக்சிகோக்காரப் புள்ளை அவங்க மாமா செருப்புத் தைக்கறதைச் சொல்லுச்சு. வியட்நாம்காரப் புள்ளை மீன்சாறு செய்யறதைச் சொல்லுச்சு. அப்பறம் நம்ம சுமதி அட்டையைத் தூக்கிட்டு வந்து நிக்கறா. அட்டையைப் பாத்தேன். மலை. மேகம். மேகத்துலருந்து வெள்ளை வெள்ளையாப் பொட்டு. கீழ சேலை கட்டின பொம்பளைங்க கூடையோட. அதுல ஒருத்திக்குக் கொண்டையும் மூக்குத்தியும் போட்டு, நானேதான்.

செங்கோடன் என்னைப் பாக்கறான். வசந்தா, "அத்தை! என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"ன்னு பல்லைக் கடிக்கறா.

சுமதி சொல்லிட்டா, நாலு வரி. வழுக்கைத் தலைக்காரரு நல்ல மனுசன், சிரிச்ச மூஞ்சி. "எங்கம்மா பண்ற பாயசத்துல இது இருக்கும். இது எங்கருந்து வருதுன்னு நான் இன்னைக்கு வரைக்கும் ரோசிச்சதே இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு.

"எங்கப்பத்தா சொன்னாங்க."

"அது போதுமா?"

புள்ளை நின்னுட்டா. ரெண்டாவது வரியில நிக்கற அதே நிப்பு. அவரு பக்கத்துல மேசையில இருந்த அம்மா பேனாவை எடுத்துக் காயிதத்துல ஏதோ எழுதப் போறா. என்ற மகன் எந்திரிச்சான், பதில் சொல்ல. எந்திரிச்ச வேகத்துல பின்னாலருந்து ஒரு கை அவன் தோளை அமுத்துச்சு. ஹெலன். வாயில வெரலை வெச்சுக் காட்டறா. நானு எந்திரிச்சேன், "அது பொய்யிங்க, நான் சொன்ன பொய்யி"ன்னு கத்தறதுக்கு. என் தோள்லயும் ஒரு கை. அவளுக்கு ரெண்டு கைதான், ரெண்டும் எங்களுக்கே சரியாப் போச்சு.

அத்தனை நீளமான நிமிசத்தை நான் பிரசவத்துலகூடப் பாத்ததில்லை. அந்த ஹெலன் மட்டும் அந்தப் புள்ளையையே பாத்துக்கிட்டு, அவசரமே இல்லாம, இன்னைக்குப் பூராவும் காத்திருப்பேங்கற மாதிரி நிக்கறா.

சுமதி என்னையப் பாத்தா. என்ற மடியில இருக்கற பையைப் பாத்தா. அப்பறம் பையைப் புடிச்சிருக்கற என்ற கையைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா.

"போதாது"ன்னா.

அப்பறம் புள்ளை பேசினா பாரு. இந்தத் தடவை மகன் எதையும் முழுங்காம என்ற காதுல சொன்னான்.

"எங்கப்பத்தா ஆலங்கட்டின்னு சொன்னாங்க. நானு நம்பினேன். இப்ப எனக்குச் சந்தேகம். ஏன்னா, இதை வெயில்ல காய வெப்போம்னும் அவங்களேதான் சொன்னாங்க. ஆலங்கட்டியை வெயில்ல வெச்சா உருகிரும். ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கோணும். அப்பறம், எங்கம்மா இதைக் கொதிக்க வெக்கறப்ப இது தண்ணியாகறதில்லை. ஊதுது, பசையாகுது. உருளைக்கெழங்கு, அரிசி, இதெல்லாந்தான் அப்படிப் பசையாகும். அதனால இது மானத்துலருந்து வரலை, செடியிலருந்து வருது."

மூச்சு வாங்கினா. ஆரும் குறுக்க பூறலை.

"இன்னொண்ணு. எங்கப்பத்தாளோட எடது கட்டைவெரல்ல நெறைய வெட்டுத் தழும்பு இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணா, எல்லாம் ஒரே பக்கமா இருக்குது. ஒரே வேலையை ரொம்ப நாளு செஞ்சாத்தான் அப்படி வரும். மழையில உழுகறதைக் கூடையில புடிக்கறதுக்குக் கத்தி எதுக்கு? அப்படின்னா அது தோல் இருக்கற எதோ ஒண்ணு. எங்கப்பத்தா அதைச் சீவியிருக்காங்க. எங்கப்பத்தா எதுக்குப் பொய் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலை. அதை அவங்ககிட்டத்தான் கேக்கோணும்."

கேட்டா. எல்லாரு முன்னாலயும், தமிழ்ல. "அப்பத்தா, நெசத்தைச் சொல்லுங்க. அது கெழங்குதானுங்களே?"

"ஆமாஞ் சாமி"ன்னேன். "குச்சிக்கெழங்கு."

"நீங்கதானுங்களே சீவினது?"

மகன் பக்கத்துல இருக்கறான். பதினஞ்சு வருசமா மூடி வெச்சது. ஆனா அந்தப் புள்ளை காத்திருக்கறா பாரு, அவ டீச்சர்கிட்டக் கத்துக்கிட்ட மாதிரியே, கண்ணைச் சிமிட்டாம. அந்த மாதிரி காத்திருந்தா ஆருக்கும் பொய் வராதுடி.

சொன்னேன். கெணறு வத்துனதை, உன்ற காய்ச்சலை, மில்லுல ஐம்பது பொம்பளைங்க வட்டமா உக்காந்து சீவுனதை. வெட்டுப்பட்ட வெரல்ல கெழங்குப் பாலு பட்டா எரியற எரிச்சலை. சீவுன கெழங்கைக் கழுவி மிசின்ல அரைச்சு, பாலை வடிகட்டித் தொட்டியில தெளிய உட்டா மாவு அடியில கட்டி நிக்கறதை. அந்த மாவை உதுத்துத் துணித் தூளியில போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினா முத்து முத்தாத் திரளறதை. சலிச்சு, சூட்டுத் தட்டுல வறுத்து, களத்துல காய வெக்கறதை. நான் ஒண்ணொண்ணாச் சொல்ல, அவ ஒண்ணொண்ணா இங்கிலீசுல சொல்லறா. ஒரு வரி உடலை. தூளிக்கு இங்கிலீசு தெரியலை, ரெண்டு கையாலயும் கொழந்தையை ஆட்டற மாதிரி ஆட்டிக் காட்டிட்டு மேல போயிட்டா, நிக்கலை. ஏன் தெளிய உடோணும்னு அந்த வழுக்கைக்காரரு கேட்டதுக்கு, மாவு கனம், தண்ணி லேசு, பொறுமையா இருந்தாப் பிரிஞ்சுக்கும்னு என்னையக் கேக்காமயே அவளே சொன்னா.

செங்கோடன் என்ற காதுல சொல்றதை எப்பவோ நிறுத்திட்டான். அவன் அம்மா கதையை அவன் மக வாயிலருந்து, இங்கிலீசுல கேட்டுக்கிட்டிருந்தான். என்ற எடது கையை எடுத்து அவன் மடியில வெச்சுக்கிட்டான். கட்டைவெரலைத் தடவிக்கிட்டே இருந்தான். அன்னைக்குப் பேசறதுக்குத்தான் ஊட்டுல வேற ஆளு வந்தாச்சே.

முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. மேசையில இருந்த அந்த அம்மா எழுத எடுத்த பேனாவுல நீளமா எழுதினா. சுமதி அடுத்த வருசம் நேரா சயின்சு கிளாசுக்குப் போறா. ஆனாலும் மொத வருசம் வாரத்துக்கு ஒரு தடவை ஹெலன் அவளைக் கூப்புட்டுப் பேசுவாளாமா. நட்டதோட உட்டுற மாட்டேன், வேரு புடிக்கற வரைக்கும் பாக்கோணும்னா. அந்தக் கொரியாக்காரப் பையன் மட்டும் தேறலை. ஹெலன் அவன் பக்கத்துலதான் போய் உக்காந்தா, அந்தக் குட்டி நாற்காலியில, காலை மடக்கிக்கிட்டு. அவகிட்ட நான் போய், பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோணும்னு மகனை உட்டுச் சொல்லச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "நான் வருசம் பூராவும் தேடற மாதிரி கேள்வியை நீங்க ஒரே பொய்யில குடுத்துட்டீங்க. ஆனா இனிமே பண்ணாதீங்க"ன்னா.

ஊட்டுக்கு வந்ததும் சுமதி கட்டில் அடியிலருந்து தீப்பெட்டியெல்லாம் எடுத்து ஜன்னல்ல அடுக்கினா.

6

வசந்தா, இந்த ஆறாம் நம்பரு எதுக்கு? சொல்லறதுக்குக் கொஞ்சந்தானே இருக்குது. சரி, போடு.

மறுநாள் பொழுதோட நானு வெளிய வந்தேன். இந்தப் பக்கத்து ஊட்டு ரோசாங்கற இத்தாலிக் கெழவியும், அந்தப் பக்கத்து ஊட்டு குசராத்திக்காரியும் வேலியோரம் நின்னுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் சுமதி சங்கதி தெரியும். எட்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க. என்னையக் கண்டதும், "ஸ்கூல்? சுமி?"ன்னு கேட்டாங்க. ஊட்டுல ஆருமில்லை, எடுத்துச் சொல்லி உடறதுக்கு.

அக்கம்பக்கத்துக்காரிங்க கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத்தான் நல்லாத் தெரியுமே. மூணு வருசம் உன்னையப் படுக்கையில போட்டவ நானு. அன்னைக்கு என்னமோ எனக்குப் பொய்யே வரலை. கட்டைவெரலை ரெண்டு பேருக்கும் நீட்டிக் காட்டினேன். கத்தியில சீவற மாதிரி செஞ்சு காட்டினேன். அப்பறம் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அத்தனையும் சேத்துச் சொன்னேன்.

"சுமதி பாஸ். அப்பத்தா பெயில்."